கிரைண்டர் போட்டால் நெட் வரும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வைஃபை ஒரு நாளும் மெதுவாக ஓடியதில்லை. சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில், மாடிக்கு மாடி ஆட்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றுகிற வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வட்டம் அரைச் சுற்று சுற்றுவதற்குள் பக்கம் வந்துவிடும். என்மேல் என்ன குற்றம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வேகத்தில் மட்டும் குறை சொல்லக்கூடாது.

போன மாதம் எங்கள் சபையில் ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கர்த்தர் என் வாழ்க்கையில் செய்த நன்மைகளைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு சமோசா. நான் என் சர்க்கரை அளவு குறைந்ததைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கினேன். இதைச் சொல்லியிருந்தால் சமோசா ஆறியிருக்கும். அதனால் இங்கே சொல்கிறேன்.

என் பெயர் ஐசக். கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பிரிவில் தலைமுடி கொட்டும்வரை வேலை பார்த்தேன். கொட்டி முடிந்ததும் கேக் வெட்டி, சால்வை போட்டு, வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். வேலையில் இருந்தவரை என் போன் ஓயாது. "ஐசக் சார், இது ஏன் வரல?" "ஐசக் சார், அது எங்க இருக்கு?" குளியலறைக்குள்ளேயும் கூப்பிடுவார்கள். சோப்பு நுரையோடு நின்று பதில் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். அவளோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

என் மனைவி ஞானஜோதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே, பின்பெஞ்சில் ஒரு பிள்ளை ப்ளஸ்ஸை மைனஸாக எழுதுவதைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவளிடம் படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் ஒரே மகள் ஜெரூஷா கல்யாணமாகி மேடவாக்கத்தில் இருக்கிறாள். தண்ணீர் லாரி வருவதற்கும் ஆபீஸ் மீட்டிங் தொடங்குவதற்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில் எங்களுக்குப் போன் செய்வாள். ஆகவே வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சந்தோஷமாக இருந்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேட்டிலும் பழைய எண், புதிய எண், அதற்குமேல் குடியிருப்போர் சங்கம் ஆசைப்பட்டு ஒட்டிய எண் என்று மூன்று எண்கள் இருக்கும். பார்சல் கொண்டுவருகிறவன் மூன்றையும் பார்த்துவிட்டு, மூன்றையும் நம்பாமல், தெருமுனையில் மீன் விற்கும் காந்தாவிடம் போவான். கோவளத்திலிருந்து கூடையோடு வரும் காந்தாவுக்கு எந்த வீட்டின் எண்ணும் தெரியாது. மீன் தெரியும்.

"ஐசக் சாரா? சங்கரா வாங்குற வூடு. நேரா போ, பச்ச கேட்டு. நாயி கீது, ஆனா கடிக்காது."

இணையமும் இதே மாதிரி ஒரு தெருதான். நாம் பெயரைச் சொல்கிறோம். கம்பிக்குள் ஓடுகிறவனுக்குப் பெயர் புரியாது, எண் வேண்டும். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்ல முனையில் ஒரு காந்தா உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு 'பெயர் சர்வர்' என்று பெயர். எங்கள் ஆட்கள் டிஎன்எஸ் என்பார்கள். வீட்டிலிருக்கும் ரௌட்டருக்குள் போனால், எந்தக் காந்தாவிடம் வழி கேட்பது என்று எழுதிவைக்க இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் இருப்பவளிடம்தான் கேட்கும். அவள் மயங்கி விழுந்து பதிலே வராவிட்டால்தான் இரண்டாவது கட்டத்துக்குப் போகும். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய பையன்களை நான் லிப்டுக்குள்ளிருந்து இறக்கி, திரும்பக் கூட்டிக்கொண்டுபோய் எழுதவைத்திருக்கிறேன். இதை ஜோதியிடம் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் காந்தா ஒரு காரியம் செய்தாள். தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கும் ஒருவன், எதிர்வீட்டு அரிகிருஷ்ணன் சாரின் மதியத் தூக்கத்தைத் தினமும் கெடுத்துக்கொண்டிருந்தான். அவன் வந்து வழி கேட்டபோது காந்தா, "அவுங்களா? வூட்ட காலி பண்ணிக்கினு போய்ட்டாங்களே" என்று சொல்லிவிட்டு கூடையில் வவ்வால் மீனைத் திருப்பிப் போட்டாள். அவன் திரும்பிப் போய்விட்டான். அரிகிருஷ்ணன் சார் அன்றைக்கு மாலைவரை தூங்கினார். வீடு அங்கேயேதான் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. வழி சொல்கிறவள் சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான்.

எவ்வளவு சுத்தமான வேலை என்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் சும்மா கிடந்த சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெயர் சர்வர் செய்தேன். ஹாலில் ஒயர் தெரியக்கூடாது என்பது ஜோதியின் சட்டம். அதனால் அதைச் சமையலறை மேடையின் மூலையில், எவர்சில்வர் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். ரௌட்டரின் முதல் கட்டத்தில் அதன் எண்ணை எழுதினேன். பழக்க தோஷத்தில் இரண்டாவது கட்டத்தில், ஊருக்கெல்லாம் பொதுவாக வழி சொல்கிற ஒரு எண்ணையும் எழுதிவைத்தேன். இந்தப் பழக்க தோஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தொழில்திறமையே எனக்கு வைத்த வினை அது.

முதலில் விளம்பரங்களைத் தடுத்தேன். ஜோதி, "என்னங்க, படம் நடுவுல எண்ணெய் விக்கவே மாட்டேங்கறான்!" என்று ஆச்சரியப்பட்டாள். அடுத்தது பிரியாணி கொண்டுவரும் தளம். என் சர்க்கரைக்காக நானே தடுத்து, அன்று மாலையே நானே திறந்து, கோழி பிரியாணி வரவழைத்து, சாப்பிட்டு முடித்துத் திரும்பவும் தடுத்தேன். பிறகு ஜோதி ஒரு கடையின் தளத்தில் புது சோபா பார்க்கத் தொடங்கினாள். அந்த சோபா வந்தால் என் பழைய சாய்வு நாற்காலி போக வேண்டியதுதான். மறுநாள் அந்தக் கடை எங்கள் வீட்டுக்கு இல்லாமல் போயிற்று. "கடையையே மூடிட்டாங்க போல, பாவம்" என்றாள். நானும் பாவம் என்றேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் சொன்னேன்.

இதுவரை நீங்கள் சிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் சிரித்தேன்.

மாடியில் குடியிருக்கும் ஜோசலின், ஜோதியின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்தவர். இடையில் வேலையை விட்டு மாலத்தீவுக்குப் போய் ஒரு தீவில் பாடம் நடத்திவிட்டு, ஒரு பெட்டி மாசிக் கருவாட்டோடும் புது நடையோடும் திரும்பி வந்தார். வந்த வாரமே எங்கள் வீட்டில் உட்கார்ந்து, "ஜோதி, ஒரு கிளாஸ்ல இருவது பிள்ளைங்கதான். ஜன்னலத் தொறந்தா கடல். கணக்கு டீச்சருக்குத் தேடிக்கிட்டே இருக்காங்க" என்றார். என் மனைவியின் கண்ணில் ஏதோ ஏறியது. கல்யாணப் பேச்சுக்கு நான் முதன்முதலாகப் போனபோதுகூட அப்படி ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்து, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு வருஷம்தாங்க. ஜெரூஷாவுக்கு அம்மா, உங்களுக்குப் பொண்டாட்டி, எங்க அண்ணனுக்குத் தங்கச்சி, எல்லாம் இருந்து பாத்துட்டேன். ஒரு தடவை டீச்சரா மட்டும் இருந்து பாக்கணும். இப்ப விட்டா வயசு தாண்டிடும், அப்புறம் எடுக்க மாட்டாங்க."

"போயேன் ஜோதி. நான் என்ன கைக்குழந்தையா?" என்றேன்.

அப்படியே சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் நீல நிறத்தில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவளுக்காக ஜெபிக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன். பெண்கள் எல்லோரும் ஜோதியிடம், "உனக்குக் கெடச்ச மாதிரி புருஷன் யாருக்கும் கெடைக்க மாட்டாங்க" என்றார்கள். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும், மாலத்தீவுக்கு ஆசிரியர்களை எடுக்கும் தளத்தின் பெயரை என் டப்பாவில் சேர்த்தேன். யார் கேட்டாலும், அப்படி ஒரு இடமே இல்லை.

அவளுடைய நன்மையை யோசித்துத்தான் செய்தேன். முட்டுக்காட்டில் படகு கரையில் கட்டியிருக்கும்போதே அவளுக்குத் தலை சுற்றும். அங்கே ஊருக்கு ஊர் டவுன் பஸ் மாதிரி படகில்தான் போக வேண்டுமாம். காதில் குளிர்காற்று பட்டால் அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். சொன்னால் கேட்க மாட்டாள், சண்டை வரும், அவள் மனம் நோகும். என் மனைவியின் மனம் நோவதை என்னால் தாங்க முடியாது.

விண்ணப்பத்தை ஜோசலின் வேறு எங்கோ இருந்தபோது அவளுக்காகப் போட்டுக் கொடுத்துவிட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால் உடனே ஜோசலினுக்கு நம் வீட்டு வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்து, "எதுக்கு டீச்சர் தனியா காசு கட்டுறீங்க, நம்மளதே யூஸ் பண்ணுங்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டார். அன்றிலிருந்து மாடியும் என் டப்பாவிடம்தான் வழி கேட்டது. ஜோதியின் போனில் டேட்டா கிடையாது. வீட்டில் இவ்வளவு நல்ல வைஃபை இருக்கும்போது எதற்கு என்று நான்தான் ஏற்கெனவே வேண்டாம் என்றிருந்தேன். அந்தத் தளத்திலேயே நேர்காணல் என்று தேதி குறித்து ஜோதிக்கு அழைப்பு வந்தது. வீட்டில் தளம் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டு, மேடவாக்கத்திலிருந்து ஜெரூஷா போன் செய்தாள்.

"இங்க நல்லா ஓபன் ஆகுதேம்மா. அப்பாவைப் பாக்கச் சொல்லு. இல்லேன்னா இன்டர்வியூ அன்னிக்கு இங்க வந்துடு."

"அந்த டிராபிக்ல போய் மாட்டிக்கிட்டா அவ்வளவுதான்" என்றேன் நான். "நான் எதுக்கு இருக்கேன்?"

"ஆமா, அப்பா இருக்காங்கல்ல" என்றாள் ஜோதி. எவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாள் தெரியுமா? எனக்கே பெருமையாக இருந்தது.

நேர்காணல் அன்று அவள் அரக்கு நிறச் சுங்குடிச் சேலை கட்டி, மல்லிகை வைத்து, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். குறித்த நேரம் வந்தது. அவள் இணைப்பை அமுக்கினாள். சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தது. இன்னொரு முறை அமுக்கினாள். நான் எழுந்து ரௌட்டரை அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கி ஊதிவிட்டுச் செருகினேன். கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டினேன். வியர்த்தது. வியர்வை உண்மையானதுதான், மின்விசிறியை அவள் நிறுத்தச் சொல்லியிருந்தாள், பேசும்போது சத்தம் கேட்குமே என்று.

"அவங்க சர்வர்தான் டவுன் ஜோதி. நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு."

அவள் அழவில்லை. லேப்டாப்பை மூடினாள். பிறகு தலையிலிருந்த மல்லிகையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, சேலை மாற்ற உள்ளே போனாள். நான் அந்தப் பூவை ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டேன். இல்லாவிட்டால் வாடிவிடும்.

சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் அவள்தான் ஜெபித்தாள். "ஆண்டவரே, இந்த வாசலை நீர்தான் அடைத்தீர். உமக்குச் சித்தமில்லாத இடத்துக்கு நான் போகாதபடி காத்தீர். என் கணவர் எனக்காகப் பட்ட கஷ்டத்துக்காக ஸ்தோத்திரம்" என்றாள். நான் ஆமென் சொன்னேன். அந்த இடத்தில் வேறு எந்த வார்த்தையும் சொல்ல வழக்கமில்லை.

இது நடந்த மறுவாரம் ஜோதி பரணிலிருந்து கிரைண்டரை இறக்கச் சொன்னாள். ஜெரூஷா கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கடை மாவுதான். "கடை மாவு புளிக்குது. சும்மா உக்காந்தா மனசு என்னவோ பண்ணுது" என்றாள். மனச்சோர்வுக்கு உளுந்து ஊறவைப்பது நல்ல வைத்தியம் என்று நானும் உற்சாகப்படுத்தினேன். நானே முதுகு பிடித்துக்கொள்ள இறக்கிக் கொடுத்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் மாவு ஓயவில்லை. காலையில் இட்லி, மாலையில் தோசை, நடுவில் பணியாரம். வெந்தயத் தோசை, கேழ்வரகுத் தோசை, கம்புத் தோசை. சாப்பிட்டு முடியாமல் மாடிக்கு ஒரு தூக்கு, அரிகிருஷ்ணன் சார் வீட்டுக்கு ஒரு தூக்கு. தெருமுனைக்கும் ஒரு தூக்கு போயிற்று.

"இன்னா சார்," என்றாள் காந்தா, "வூட்ல கல்யாணமா, இல்ல அம்மா ஓட்டல் வெக்கப் போவுதா?"

"மனசு சரியாயிடுச்சு காந்தா, அதான்" என்றேன். உண்மையாகவே ஜோதியின் முகம் தெளிந்திருந்தது. பாட்டுகூடப் பாடினாள். நான் செய்தது சரிதான் என்பதற்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்? ஒரு சனிக்கிழமை நான் ஆண்கள் ஐக்கியத்துக்குக் கிளம்பும்போது, சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். மாவாட்டுவதற்குக்கூட அழகாக உடுத்துகிறாளே என்று நெகிழ்ந்துபோனேன்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில், முறுகலாக ஒரு தோசையை என் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"எனக்குக் கெடச்சிடுச்சுங்க."

"எது?"

"மாலத்தீவு. திரும்ப ஒரு தேதி குடுத்திருந்தாங்க. மத்தியானம்தான் பேசினேன். அப்பவே ஓகே சொல்லிட்டாங்க. ஜூன்ல சேரணும்."

தோசை என் கையிலேயே இருந்தது.

"அந்தத் தளம்தான் தொறக்கலையே ஜோதி?"

"அதாங்க வேடிக்கை. கிரைண்டர் போட்டா நெட் வருது!" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மொத நாள் மாவாட்டறப்போ சும்மா ஒரு தடவை அமுக்கிப் பாத்தேன், படக்குனு தொறந்துச்சு. மாவு ஆட்டி முடிச்சு எல்லாத்தையும் எடுத்து வெச்சப்புறம் பாத்தா, திரும்பக் காணோம். ஒரு தடவை ஆனா தற்செயல்னு விட்டுடலாம். மறுநாளும் போட்டுப் பாத்தேன், வந்துச்சு. நிறுத்தினேன், போச்சு. ஒரு வாரம் முழுக்கப் போட்டுப் பாத்தேங்க. அந்த சோபா கடைகூட வருது, மூடவே இல்ல அவங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சமையலறையில் அந்த மூலையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். கிரைண்டரைச் செருக, என் டப்பாவைப் பிடுங்கியிருக்கிறாள். முடிந்ததும் நல்ல வளர்ப்பு உள்ளவளாகத் திரும்பச் செருகியிருக்கிறாள். டப்பா செத்துக்கிடந்த நேரமெல்லாம் ரௌட்டர் மருண்டு நிற்காமல், நான் சொல்லிவைத்தபடி, இரண்டாவது கட்டத்தைக் கேட்டிருக்கிறது. இரண்டாவது கட்டம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. அவ்வளவு சத்தமில்லாமல் மாறியதால் எனக்கே தெரியவில்லை. நேர்த்தியான வேலை. செய்தது நானாயிற்றே.

"அந்த மூலையில ஒரு டப்பா இருக்கே, அதைப் பிடுங்கித்தான் கிரைண்டரப் போடறேன். என்னங்க அது?" என்றாள் ஜோதி.

"அதுவா? பாதுகாப்புக்கு."

"யாரு பாதுகாப்புக்கு?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் தோசை இருந்தது. ஜோதி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ப்ளஸ்ஸை மைனஸாக எழுதிய பிள்ளையைப் பார்க்கும் பார்வையோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது, "இன்னொண்ணு முறுகலா போடட்டுமா?" என்றுதான். அதனால் அவளுக்கு எதுவும் தெரியாது என்பது உறுதியாயிற்று.

ஜூனில் போனாள். விமான நிலையத்துக்கு ஜெரூஷாவும் மருமகனும் வந்தார்கள். நான் வாங்கிய நீலப் பெட்டிதான். அதைத் தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை மாதிரி திரும்பித் திரும்பிக் கையாட்டிக்கொண்டே போனாள். படகில் போனபோது தலை சுற்றவில்லையாம். அதைக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். கொஞ்சம் சுற்றியிருந்தால் நான் சொன்னது சரி என்றும் ஆகியிருக்கும்.

மறுநாள் மீன் வாங்கப் போனேன். காந்தா கூடையிலிருந்த சங்கராவைத் தாண்டி, பக்கத்துத் தட்டில் கைவைத்தாள்.

"ஒத்த ஆளுக்கு இன்னாத்துக்கு சார் சங்கரா? நெத்திலி போதும்."

அந்த வாரமே ஒரு பார்சல்காரனுக்கு அவள் வழி சொல்வது காதில் விழுந்தது. "ஐசக் சாரா? நெத்திலி வாங்குற வூடு. நேரா போ." ஒரே வாரத்தில் என் முகவரியை மாற்றிவிட்டாள்.

ஜோதிக்கு அங்கே தங்க ஒரு சின்னக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். புது ரௌட்டர் ஒன்றும் வந்தது. வீடியோவில் கூப்பிட்டாள்.

"என்னங்க, இதை நீங்களே செட் பண்ணிக் குடுங்க. எனக்கு என்ன தெரியும்?"

எத்தனை நாளாயிற்று அப்படி ஒரு கேள்வி கேட்டு! சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ரௌட்டரின் பின்பக்கம் ஒட்டியிருப்பதை வாசிக்கச் சொன்னேன், உள்ளே நுழையச் சொன்னேன், இரண்டு கட்டங்கள் இருக்கும் பக்கத்துக்குக் கூட்டிப்போனேன். முதல் கட்டத்தில் சேலையூர் வீட்டு எண்ணை எழுதச் சொன்னேன். ஆமாம், என் டப்பாவின் வாசல் எண். அவள் அங்கே எதைத் தேடினாலும், கடல் தாண்டி வந்து, எங்கள் சமையலறை மூலையில் வழி கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"ரெண்டாவது கட்டத்துல?"

"அது காலியா இருக்கட்டும் ஜோதி."

"ரெண்டாவதை எழுதாம விட்டா பையன்களை லிப்டுல இருந்து இறக்கிக் கூட்டிட்டுப் போவீங்களே?"

"அது ஆபீசுக்கு. வீட்டுக்கு ஒண்ணு போதும்."

"ஓ" என்றாள். அவளுக்குப் பின்னால், அந்தச் சின்னச் சமையலறை மேடையில், புத்தம் புதிதாக ஒரு கிரைண்டர் இருந்தது. ஒரு ஆளுக்கு எதற்கு என்று கேட்டேன்.

"சும்மா இருக்கட்டும்னுதாங்க. நெட் நின்னா போடலாம்ல?" என்று சிரித்தாள். பாவம், கிரைண்டருக்கும் நெட்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று இன்னமும் நம்புகிறாள். நான் திருத்தவில்லை.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். பிடித்திருந்தால் மேலும் இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்லி, அதற்கென்று இருக்கும் இன்னொரு தளத்தில் கேட்கலாமாம். இருபது பிள்ளைகளும் அவளை 'மிஸ், மிஸ்' என்று சுற்றிச் சுற்றி வருகிறார்களாம். பேசி முடித்ததும் நான் எழுந்து சமையலறைக்குப் போனேன்.

முழுவதையும் சொல்வதாகத்தானே உட்கார்ந்தேன், சொல்லிவிடுகிறேன். ஆமாம், அன்றைக்கு வாசலை அடைத்தவன் நான்தான். அவள் ஆண்டவர்மேல் போட்ட பழி என்னுடையது. நீட்டிப்புக் கேட்கும் அந்தத் தளத்தின் பெயரை இப்போது டப்பாவில் சேர்த்திருப்பவனும் நான்தான். இந்த முறை டப்பாவை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டேன். பிளக்கின்மேல் 'தொடாதே' என்று எழுதி ஒட்டியும் விட்டேன். தொட இங்கே ஆள் இல்லை என்பது ஒட்டியபிறகுதான் நினைவுக்கு வந்தது. இதில் அவளுக்கு என்ன நஷ்டம்? வேறு எல்லாத் தளத்துக்கும் ஒழுங்காக வழி சொல்கிறேன். ஊரில் ஒருத்தராவது என்னிடம் வழி கேட்க வேண்டாமா?

இரண்டு நாளாக டப்பாவின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளிடமிருந்து எந்தக் கேள்வியும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

இன்று காலை ஜோதி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ரௌட்டரின் அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து, 'நான் போட்டது சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க' என்று கேட்டு, கீழே ஒரு சிரிக்கும் முகம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் கட்டத்தில், ஊருக்கெல்லாம் பொதுவாக வழி சொல்கிற அந்த எண் இருந்தது. ரௌட்டரோடு வந்ததாக இருக்கும். நம் வீட்டு எண்ணை அவள் அழிக்கவில்லை. அது இரண்டாவது கட்டத்தில், ஒரு இலக்கம் பிசகாமல், பத்திரமாக இருந்தது.

'எல்லாம் சரியா இருக்கு ஜோதி' என்று பதில் போட்டேன்.

மேலே இருக்க வேண்டியதைக் கீழேயும், கீழே இருக்க வேண்டியதை மேலேயும் எழுதிவிட்டாள், பாவம். கணக்கு டீச்சராக இருந்தும் அவள் அதைக் கவனிக்கவே இல்லை.